நான் கண்ணசந்து வருசக்கணக்காச்சு

தூங்கு தாயி, தூங்கு. கூச்சப்படாத. தலை இங்கிட்டுச் சாஞ்சா சாயட்டும், என் தோளு என்ன தேஞ்சா போயிரும்? மதுரை வந்ததும் நான் எழுப்பி விடுதேன். எனக்குத்தான் தூக்கம்னு ஒண்ணு கெடையாதே. நான் கண்ணசந்து வருசக்கணக்காச்சு.

அடடே, முழிச்சிட்டியே. நான் பேசுனதுல முழிச்சிட்டியோ? சரி விடு, பகல் தூக்கம் ஒடம்புக்கு ஆகாது.

வெளையாட்டுக்குச் சொல்லல தாயி. ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு ஒரு ஆளு. குழிக்குக் குழி தலை சன்னல் கம்பியில டங்கு டங்குன்னு முட்டுதே, தெரியுதா? அவுகதான் எங்க வீட்டுக்காரக. பஸ்சு கோவில்பட்டியில பொறப்படுறதுக்கு முன்னாடியே தூங்கியாச்சு. கண்டக்டரு தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்கிட்ட வந்து டிக்கெட்டுக் குடுத்துட்டுப் போனாரு. இப்ப நீயே சொல்லு. எங்க ரெண்டு பேருல தூக்கமில்லாத வியாதி யாருக்கு இருக்கும்? உனக்குத் தெரியுதுல்ல? அங்க மதுரையில, பெரிய படிப்புப் படிச்ச டாக்டரு, அவளுக்குத் தெரியல தாயி. அந்த வயித்தெரிச்சலச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

எங்க வீட்டுக்காரகளுக்கு ஆதிமூலம்னு பேரு. பஞ்சாலையில போர்மேனா இருந்தாக. காலமெல்லாம் மிசின் சத்தத்துலயே கெடந்த மனுசன், அதனால பேச்சு கொறவு. நான் ஒம்போது வார்த்தை பேசுனா அவுக ‘ம்’ போடுவாக. சில நாளு அதுவும் போட மாட்டாக. நல்ல மனுசன்தான், கொறை சொல்லப்பிடாது. ஆனா ஒரு காரியம் செஞ்சாக. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஒரு நாளு ராத்திரி அவுகளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கு. எந்திரிச்சிருக்காக. சட்டையை மாட்டியிருக்காக. பக்கத்து வீட்டு வெயிலுமுத்துவ எழுப்பி, அவன் ஆட்டோவுலயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாக. என்னைய எழுப்பல. பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டிய எழுப்பல தாயி! பக்கத்து வீட்டுக்காரன எழுப்பத் தெரிஞ்ச மனுசனுக்குப் பக்கத்துல கெடக்கிறவள எழுப்பத் தெரியல.

காலையில நான் எந்திரிச்சேன். ஆளக் காணும். நடக்கப் போயிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டு வாசத் தெளிச்சுக் கோலம் போட்டேன். அன்னைக்குன்னு பாத்து நல்லாப் பெருசா, ரெட்டை மயிலு, கலருப் பொடி எல்லாம் வச்சு. வெயிலுமுத்து பொண்டாட்டி சீனியம்மா ஓடி வந்தா. “ஏக்கா, அங்க அண்ணன ஐசியூவுல போட்டு வச்சிருக்காக. நீங்க இங்க மயிலுக்குத் தோகை போட்டுக்கிட்டு இருக்கீக!”

எப்படி இருந்திருக்கும் எனக்கு? தெருவே பாத்துக்கிட்டு நிக்கி. கையெல்லாம் பச்சைப் பொடி. அப்படியே ஓடுனேன்.

ரத்தக் குழாய்க்குள்ள சின்னச் சுருளு மாதிரி என்னமோ வச்சுச் சரி பண்ணிட்டாக. அவுக கண்ண முழிச்சதும் நான் கேட்ட மொதக் கேள்வி, “என்னைய ஏன் எழுப்பல?”

“நீ நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல.”

கேட்டியா கதைய? நான் தூங்கல தாயி. கண்ண மூடிப் படுத்திருந்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுசனுக்கு? தொட்டிருந்தா என்னங்கன்னு கேட்டிருப்பேன். தொடல.

அன்னையோட போச்சு என் தூக்கம்.

அன்னையிலருந்து ராத்திரி படுத்தா, நான் அவுக நெஞ்சையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மேல ஏறுதா, எறங்குதா, மேல ஏறுதா, எறங்குதா. விடிய விடிய இதே வேலை. ஒரு நாளு தப்பாம. அவுக பாட்டுக்குக் கட்டையாட்டம் கெடப்பாக, மல்லாக்க. பொழுது விடிஞ்சதும் நான் சொல்லுவேன், “நேத்தும் நான் ஒரு பொட்டுத் தூங்கல.” அவுக ‘ம்’பாக. அம்புட்டுத்தான். ஒரு ஐயோ பாவம் கெடையாது.

ராத்திரி பூராவும் தூங்குற மனுசன் பகல்ல முழிச்சிருக்கணும்ல? அதுவும் கெடையாது. முடி வெட்டப் போனா நாற்காலியில தூங்குவாக. கல்யாண வீட்டுக்குப் போனா தாலி கட்டுற நேரம் கொட்டுச் சத்தத்துலயும் தூங்குவாக. ஒரு தடவ எங்க சம்பந்தி வீட்டுல சாம்பார ஊத்திக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டாக. சம்பந்தியம்மா கரண்டிய வச்சுக்கிட்டுப் ‘போதுமா, போதுமா’ன்னு கேக்கா, இவுக பேசல. எலையே மெதந்து போச்சு. ராத்திரியும் தூங்கிப் பகலும் தூங்குற இப்படி ஒரு சென்மத்த நீ கண்டிருக்கியா?

நமக்கு வந்த கஷ்டம் நாலு பேருக்கு ஒதவட்டுமேன்னு இருக்கிறவ நான். எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும், குருவம்மா அக்கா முழிச்சுத்தான் இருப்பான்னு. வெயிலுமுத்து மக துர்கா ஒரு பரீட்சைக்கு விடியக்காலம் திருநெல்வேலி போகணும்னா. “பெரியம்மா, போன்ல அலாரம் வச்சா எனக்குக் கேக்காது, நீங்க எழுப்பி விடுங்க”ன்னா. அதுக்கென்ன, நான் சும்மாதான கெடக்கேன்னேன். கடைசியில என்னாச்சுன்னா, எங்க வீட்டுக்காரக அந்த நேரம் பாத்து ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவுக, அப்படியே போயி அவ வீட்டுக் கதவத் தட்டிட்டாக. நான் எந்திரிக்கிறதுக்குள்ள முந்திக்கிட்டாக. சாமி புண்ணியம், பிள்ள பஸ்சப் பிடிச்சிட்டா. அதுலருந்து துர்கா, “பெரியம்மா, பெரியப்பாவையே எழுப்பச் சொல்லுங்க”ங்கா. நன்றி கெட்ட ஒலகம் தாயி.

சாத்தூரு வந்துருச்சு. வெள்ளரிக்கா திங்கிறியா? வேண்டாமா? எனக்கு வேணும். ஏம்மா, ஒரு கட்டு குடு. பொடி நல்லாத் தூவிக் குடு. அவுகளுக்கு வேண்டாம், அவுக தூங்குதாக.

ஆங், எங்க விட்டேன்? போர் மிசின் வந்த கதைய இன்னும் சொல்லலையே.

போன சித்திரையில எங்க பக்கம் தண்ணி அடியோட போச்சு. வெயிலுமுத்து கடன ஒடன வாங்கிப் போர் போட்டான். எங்க வாசலுக்கும் அவன் வாசலுக்கும் நடுவுல ஒரு சுவருதான். ரெண்டு லாரி. ஒண்ணுல மிசின், ஒண்ணுல கொழாய். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் போட்டிருக்கான். இது எனக்கு மத்தவுக சொல்லித்தான் தெரியும். ஏன்னா காலையில நான் கதவத் தொறந்து வெளிய வாரேன், வாசல் பூராவும் வெள்ளைச் சகதி. வேப்பமரம் வெள்ளை. வெயிலுமுத்து ஆட்டோ வெள்ளை. தெரு சனம் பூராவும் மாவுல பெரட்டி எடுத்த மாதிரி, கண்ணு மட்டும் செவசெவன்னு நிக்கி.

நான் சாதாரணமாத்தான் கேட்டேன். “ஏம்ப்பா வெயிலு, மிசின் இன்னைக்கு வாரதாச் சொன்னியே, எப்ப வரும்?”

ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. கடைசி வீட்டு சண்முகக்கனி டீச்சரு, தன் கைக்குழந்தையத் தோளுல போட்டுக்கிட்டு நின்னவ, அவதான் மொதல்ல கேட்டா. “பெரியம்மா, ராத்திரி நீங்க ஊருல இல்லையா?”

“எங்க போகப் போறேன்? வீட்டுலதான் இருந்தேன். விடிய விடிய ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல”ன்னேன்.

சிரிச்சாக பாரு. அந்தச் சகதியில உக்காந்து சிரிச்சாக. சீனியம்மா முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு உள்ள ஓடிட்டா. வெயிலுமுத்து, “அக்கா, எண்ணூறு அடி எறங்கியிருக்கு. பாறையில போட்டு இடிக்கிற இடியில என் வீட்டுச் சாமி படமே கீழ விழுந்திருச்சு”ங்கான்.

இதுல என்ன சிரிக்கக் கெடக்கு? நான் அவுக மூச்சக் கவனிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு காரியத்துல மனசு ஊன்றிட்டா வேற சத்தம் காதுல ஏறாது. படிக்கிற பிள்ளைக பாட்டுப் போட்டாலும் படிக்கலையா? அந்த மாதிரி.

ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். திரும்பிப் பாக்கேன், எங்க வீட்டுக்காரக திண்டு மேல உக்காந்துக்கிட்டு அவுகளும் சிரிக்காக. வருசக்கணக்காச் சிரிக்காத மனுசன். பல்லு தெரியச் சிரிக்காக. எனக்கு அங்ஙனயே பொசுக்குன்னு போச்சு.

பேச்ச நிறுத்திட்டேன். சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் பேசல. சோறு போடுவேன், காப்பி வைப்பேன், பேச மாட்டேன். அவுகளுக்கு அது தெரிஞ்சுதோ இல்லையோ. ஒரு நாளு, “வீடு என்னமோ அமைதியா இருக்கே”ன்னாக. அம்புட்டுத்தான்.

எங்க மக இந்துமதி மதுரையில இருக்கா. சேதி அவ காதுக்குப் போயி, ஓடி வந்துட்டா. “அம்மா, தூக்கம் வரலங்கிறதும் ஒரு வியாதிதான், அதுக்குன்னே டாக்டரு இருக்காங்க, ஒரு ராத்திரி படுக்க வச்சு மிசின் மாட்டிப் பாத்துச் சொல்லிருவாங்க”ன்னா. எனக்கு ஒரே சந்தோசம். மிசினே சொல்லட்டும், இந்தப் பொம்பள தூங்கலன்னு. அந்தக் காகிதத்தக் கொண்டாந்து தெருவுல ஒட்டணும்னு நெனச்சுக்கிட்டேன்.

டாக்டரு பேரு ரெஹானா. சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். நல்லாத்தான் பேசுனா. என்னைய ஒரு ரூம்புல படுக்க வச்சு, தலை பூராவும் பசை தடவி வயரா ஒட்டுனாக. நெஞ்சுக்கு ஒரு பெல்ட்டு, வெரலுக்கு ஒரு கிளிப்பு, மூக்குக்குக் கீழ ஒரு கொழாய். நான் சிஸ்டர்கிட்டச் சொன்னேன், “தாயி, சொந்தப் படுக்கையிலயே எனக்குத் தூக்கம் வராது, இந்தக் கோலத்துல எங்க வரப் போவுது? நீ பாட்டுக்குப் போயித் தூங்கு”ன்னேன். எங்க வீட்டுக்காரகளுக்கு வெளிய வராந்தாவுல ஒரு பெஞ்சு. இந்துமதி பிள்ளைகளப் பாக்க வீட்டுக்குப் போயிட்டா.

ஒரு பொட்டுத் தூங்கல தாயி. விடிய விடிய முழிச்சுத்தான் கெடந்தேன்.

மறுநாளு கூப்பிட்டு உக்கார வச்சா. ஒரு பக்கம் நானும் இந்துமதியும், ஒரு பக்கம் அவுக. டாக்டரு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு, “ரொம்ப நல்லாத் தூங்கியிருக்கீங்கம்மா. என் பேஷண்டுக யாரும் இங்க இவ்வளவு நல்லாத் தூங்குனதில்ல”ங்கா.

“யாரு?”

“நீங்கதாம்மா.”

“வயரு மாறியிருக்கும்”னேன்.

“மாறலம்மா. படுத்த கொஞ்ச நேரத்துல தூங்கிட்டீங்க. ஆழ்ந்த தூக்கம் இருக்கு, கனவு காணுற தூக்கமும் நிறைய இருக்கு.” சிஸ்டர் வேற பக்கத்துல நின்னுக்கிட்டு, “ஆமா டாக்டர், நான் லைட்ட அணைச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள கொறட்டை”ங்கா. பாதகத்தி.

அழுகை வந்துருச்சு எனக்கு. பொய்க்காரி ஆக்கிட்டாகளேன்னு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. “அம்மா, நீங்க பொய் சொல்லல. இப்படிச் சில பேருக்கு உண்டு. ஒடம்பு தூங்கிரும், ஆனா மனசு தூங்கலன்னே நெனச்சுக்கிட்டு இருக்கும். முழிச்சுப் படுத்திருக்கிற மாதிரியே கனவும் வரும். நீங்க படுற கஷ்டம் நிசம்தான்”னா.

“ஏம்மா, கனவுன்னா பாம்பு வரும், யானை வரும், செத்துப் போனவுக வந்து காப்பி கேப்பாக. படுத்திருக்கிற மாதிரியே கனவு வந்தா அதுக்குக் கனவு எதுக்கு? படுத்தாப் போதாதா?”ன்னு கேட்டேன். சரியான கேள்விதான? அவ சிரிச்சா.

அப்புறம் அவுக பக்கம் திரும்பிக் கேட்டா. “அய்யா, வீட்டுல இவங்க எப்படித் தூங்குறாங்க? உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. தூங்குற மனுசனுக்கு என்ன தெரியும்?

அவுக தொண்டையக் கனைச்சாக. பேசாத மனுசன் பேச ஆரம்பிச்சாக தாயி. “படுத்ததும் வலது பக்கம் சாஞ்சு தூங்குவாம்மா. தூத்துக்குடி ரயிலு போறப்ப ஒரு பெருமூச்சு விட்டு இந்தப் பக்கம் திரும்புவா. அப்புறம் கொஞ்ச நேரம் கொறட்டை. சத்தமா இருக்காது, பூனை மாதிரி. எதுத்த வீட்டு நாய் கொலைக்கிறப்ப ‘கேட்டச் சாத்து’ம்பா. சாத்தியாச்சுன்னு சொன்னா ‘ம்’பா. அதுக்கு மேல சிரிப்பா சில நாளு. என்ன கனவோ. பள்ளிவாசல்ல பாங்கு சொல்றப்ப காலுல போர்வை வெலகிக் கெடக்கும், இழுத்து விடுவேன். அதுக்குப் பெறகு அசைய மாட்டா. பால்காரன் வார வரைக்கும்.”

டாக்டரு பேனாவக் கீழ வச்சிட்டா.

“அய்யா, இதெல்லாம் தெனமும் நடக்குதா?”

“தெனமும்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவுக அந்த மேசையில இருந்த தண்ணி கிளாச ஒரு சுத்துச் சுத்துனாக. “முழிச்சிருக்கேன்லம்மா.”

சிஸ்டர் ஒடனே, “ஆமா டாக்டர், நேத்தும் அய்யா வராந்தாவுல விடிய விடிய நடந்துக்கிட்டேதான் இருந்தாரு”ங்கா.

இந்துமதி, “அப்பா?”ன்னா. அவ கொரலே மாறிப் போச்சு.

அப்பத்தான் சொன்னாக. நெஞ்சு வலி வந்த நாள்லருந்து படுத்தாப் பயமா இருக்காம். கண்ணு சொக்குறப்ப கெணத்துக்குள்ள விழுற மாதிரி நெஞ்சு தூக்கிப் போடுமாம். இப்பத் தூங்குனா எந்திரிக்க மாட்டோம்னு தோணுமாம். பகல்ல ஆளு நடமாட்டத்துக்குள்ள கண்ணு தானா மூடுமாம், ஏன்னா நாலு பேரு இருக்காகளே, என்னமும் ஆனா பாப்பாகளேன்னு. ராத்திரியானா ஆகாதாம்.

“அம்மாகிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“உங்கம்மா தெனமும் காலையில தூங்கல தூங்கலன்னுதான் எந்திரிக்கா. அதுக்கு மேல நானும் தூங்கலன்னு சொன்னா, வீட்டுல யாருதான் தூங்குறது?”

டாக்டரு சிரிக்கல. “ராத்திரி பூராவும் என்ன செய்வீங்கய்யா?”

“இவ மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். அப்படியே விடிஞ்சிரும்.”

இப்பச் சொல்லு தாயி, நியாயமா? என் பேருல டோக்கன் போட்டு, என் தலையில பசை தடவி, என்னையப் படுக்க வச்சுப் பாத்துட்டு, கடைசியில வியாதிய அவுக பேருல எழுதிக் குடுத்துட்டா! மருந்துச் சீட்டுல மேல பாத்தா ‘ஆதிமூலம்’னு இருக்கு. எனக்கு ஒரு மாத்திரை கெடையாது. ஒரு டானிக்கு கெடையாது. ‘உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, கவலைப்படாம இருங்க’ன்னு வாயால சொல்லி அனுப்பிட்டா. இத்தன வருசமாக் கஷ்டப்பட்டவ நான், ஒரே நாள்ல பேரு வாங்கிட்டாக அவுக. என்னையும் நம்புறா, அவுகளையும் நம்புறா. ரெண்டு பேருமே விடிய விடிய முழிச்சிருந்தா, ஒருத்தர ஒருத்தர் பாத்திருக்க மாட்டோமா? இது ஒரு சின்ன விசயம், இது தோணல படிச்சவளுக்கு.

அவுகளுக்கு என்னென்னமோ சொன்னா. இருதய டாக்டருகிட்ட ஒரு தடவ காட்டிப் பாத்து, நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிடணுமாம், அதுக்குத்தான் இப்ப மதுரைக்குப் போறோம். பகல்ல தூங்கவே கூடாதாம். அந்தா பாரு, தூங்குற லெச்சணத்த! பயத்த மனசுக்குள்ள வைக்காமச் சொல்லணுமாம். யாருகிட்டச் சொல்ல? எங்கிட்டத்தான். அதுவும் என் தலையிலதான்.

திரும்பி வார பஸ்சுல நான் பேசல. வீட்டுக்கு வந்தும் பேசல. சாப்பிட்டாக. படுத்தாக. நான் வெளக்க அணைச்சுட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எனக்கே என்ன தோணுச்சோ, எந்திரிச்சு வெளக்கப் போட்டேன். மல்லாக்கக் கெடக்காக, கட்டையாட்டம். ஆனா கண்ணு தொறந்திருக்கு தாயி. ரெண்டும் தொறந்திருக்கு. மேல காத்தாடியப் பாத்துக்கிட்டு.

எனக்குத் தெரிஞ்ச மொகம் அது இல்ல. வீட்ட விட்டுப் போன பிள்ளைய எங்கயோ பஸ் ஸ்டாண்டுல கண்டுபிடிச்சா எப்படி முழிக்கும், அப்படி முழிச்சாக.

ரெண்டு மாசம் பேசாதவ பேசிட்டேன். “பயமா இருக்கா?”ன்னேன்.

“ம்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ தூங்க மாட்ட.”

“நான் என்னைக்குத் தூங்குனேன்?”

அதுக்குச் சிரிச்சாக பாரு, அன்னைக்குச் சகதியில சிரிச்ச மாதிரியே. எனக்குக் கோவம் வரல. என்னமோ வரல. நான் யோசிச்சுப் பாத்தேன். இவுகளுக்கு என்ன வேணும்? ராத்திரி பூராவும் பக்கத்துல ஒரு ஆளு முழிச்சிருக்கணும். அதுக்கு இந்த ஒலகத்துல என்னைய விட்டா யாரு இருக்கா? அதுக்குன்னேதான கடவுள் எனக்குத் தூக்கத்தப் பிடுங்கி வச்சிருக்கான்!

“கண்ண மூடுங்க. நான் முழிச்சிருக்கேன். ஒரு துடிப்புத் தப்புனா உலுக்கிருவேன்”னு சொல்லி, அவுக நெஞ்சு மேல என் கைய வச்சேன். அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, கோழிக்குஞ்சப் பிடிச்ச மாதிரி. அவுக, “நீயா முழிச்சிருப்ப?”ன்னாக. “பின்ன?”ன்னேன். “சரி”ன்னாக. சொல்லிட்டு, அவுக கையத் தூக்கி என் கை மேல வச்சுக்கிட்டாக. அம்புட்டுத்தான் நடந்துச்சு.

காலையில நடந்ததக் கேளு. பால்காரன் வந்திருக்கான், மணி அடிச்சிருக்கான், தொறக்கல. பைய மாட்டிட்டுப் போயிட்டான். வெயில் ஏறிருச்சு, வாசத் தெளிக்கல. சீனியம்மா வந்து கதவத் தட்டியிருக்கா, போன் அடிச்சிருக்கா, பதிலு இல்ல. நெஞ்சு வலிக்காரக இருக்கிற வீடு பாரு, கூப்பாடு போட்டுட்டா. தெரு கூடிருச்சு. வெயிலுமுத்து சுவரேறிக் குதிச்சுச் சன்னல் வழியாப் பாத்திருக்கான். ரெண்டு பேரும் பக்கம் பக்கமாக் கெடக்கோம், நெஞ்சு மேல கையி, கை மேல கையி, அசைவு இல்ல. “அய்யோ, ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாகளே”ன்னு அவன் அங்ஙனயே உக்காந்து அழுதிருக்கான். சண்முகக்கனி டீச்சரு மதுரைக்கு இந்துமதிக்குப் போனப் போட்டுட்டா. எவளோ ஒருத்தி, ‘இந்த மாதிரிச் சாவு யாருக்குக் கெடைக்கும்’னு ஆரம்பிச்சுட்டா.

பின் கதவோட கொண்டிய இடிச்சுக் கழட்டி உள்ள வந்தாக. வெயிலுமுத்து மொதல்ல அவுக காலத் தொட்டுக் கும்பிட்டான். கால் தொட்டதும் அவுக கண்ணத் தொறந்து, “ஏண்டா வெயிலு, என்ன இன்னைக்கு, ஆசீர்வாதம் வாங்க வந்தியா?”ன்னாக. அவன் கத்துன கத்துல டீச்சரு வீட்டுக் குழந்தை அழுதிருச்சு.

என்னைய சீனியம்மாவும் இன்னொருத்தியும் சேந்து உலுக்கினாளுகளாம். மூஞ்சில தண்ணி தெளிச்சாளுகளாம். ரெண்டாவது சொம்புலதான் எந்திரிச்சேன்னு தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுறாளுக. சீனியம்மா ஒப்பாரி வைக்காத கொறையாக் கேக்கா, “ஏக்கா, தெருவே கத்துனோம், கதவ இடிச்சோம், உள்ளருந்து ஒரு கொரல் குடுக்கப்பிடாதா?”

எல்லாம் கேட்டுச்சு தாயி. மணி அடிச்சது, கதவத் தட்டுனது, வெயிலுமுத்து அழுதது, ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். எந்திரிக்கணும்னா ஒரு நிமிசம் ஆகியிருக்காது. ஆனா என் கையி அவுக கைக்குக் கீழ இருக்குல்ல? உருவுனா அவுக முழிச்சிருவாக.

எத்தன வருசம் கழிச்சுத் தூங்குற மனுசன். எப்படி எந்திரிப்பேன், நீயே சொல்லு.